சீட்டு வெர்னாவிடம் இருக்கிறது

மே 16, செவ்வாய்

பனி உருகிச் சேறாகிப்போன காட்டுச் சாலைகளைச் சமன் செய்யும் வாரம். ஏழரைக்கே கிரேடரை எடுத்துவிட்டேன். பதினொரு மணி வாக்கில் கெட்டில் ஏரிப் படகுத்துறை. அங்கே கைசாவின் பச்சைக் கார் நின்றது.

இரண்டு வருஷத்தில் என் மகளை நான் பார்த்தது இவ்வளவுதான். அவளுடைய கார்.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். கார் எஞ்சின் மூடியில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. திருடி மாதிரிக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். பின் சீட்டில் ஒரு ஜோடி செருப்பு, பாதி ரொட்டி, சுருட்டி எறிந்த ஸ்வெட்டர். கூரையில் படகு இல்லை. ஏரிக்குள்தான் போயிருக்கிறாள். எந்தக் கரையில்? எத்தனை நாளாக? இந்தக் குளிரில் அந்த மெல்லிய தூக்கப் பையையா கொண்டுபோயிருக்கிறாள்?

வண்டி வயர்லெஸ்ஸில் ஆர்லன். "எய்லா, சாலை போடுறியா, தூங்குறியா?" சாலைத்துறைக் கொட்டகையில் எனக்கு மேலாளர் அவன். முப்பது வருஷப் பழக்கம் என்பதால் அப்படித்தான் பேசுவான். போடுகிறேன் என்றேன். போட்டேன்.

மே 17, புதன்

வெர்னாவிடம் போனேன். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

துறைக்குப் பிரியும் முச்சந்தியில் அவள் கடை. தூண்டில் இரைக்கு மண்புழு, அட்டை, குட்டிமீன்; குடிக்கக் காப்பி. தனியாகக் காட்டுக்குள் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அவளிடம்தான் சீட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எந்த ஏரி, எந்தக் கரை, என்றைக்குத் திரும்புவது என்று நாலு வரி. ஆனால் வீட்டில் ஆள் இருக்கிறவர்கள் வீட்டில் கொடுப்பார்கள். நான் வராமல் போனால் நீ கவலைப்படு என்று ஒருவரைப் பொறுக்கி எடுப்பது அது. கைசா பதினாறு வயதிலிருந்து என்னிடம்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவ சீட்டு உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"என்னைக்கு வெளிய வர்றா?"

"எய்லா, காப்பி வேணும்னா குடி. அட்டை வேணும்னா ஒரு டஜன் எடுத்துக்கோ. அதை மட்டும் கேக்காத."

"நான் அவ அம்மாடி."

"அதாண்டி பிரச்சனையே. 'அம்மாவைத் தவிர யாருக்கு வேணா சொல்லு'ன்னுட்டுப் போயிருக்கா. உங்க ஆர்லனுக்குக்கூடச் சொல்லலாம். உனக்குக் கூடாது."

காப்பியைக் குடிக்காமலே வந்துவிட்டேன். வெர்னா நல்லவள். அதுதான் இன்னும் வலிக்கிறது.

மே 20, சனி

பால் வாங்கப் போனேன். பால் கடை தெற்கே. நான் போனது வடக்கே, படகுத்துறை வழியாக. கார் அங்கேயே நிற்கிறது. பால் வாங்கவில்லை.

மே 21, ஞாயிறு

கார் இல்லை. வந்துவிட்டாள். எனக்குத் தெரியாமலே பத்திரமாக வந்துவிட்டாள்.

ஜூன் 10, சனி — கெட்டில் ஏரி, முனைக் கரை

தாங்க முடியாமல் நானே கிளம்பி வந்துவிட்டேன். துறையிலிருந்து மூன்று மைல் திறந்த தண்ணீர். பிறகு பைன் மரங்கள் அடர்ந்த இந்தப் பாறை முனை. நெருப்புக்கு ஓர் இரும்புத் தட்டி, உள்ளே தள்ளிச் சுவரில்லாத ஒரு கக்கூசுப் பெட்டி, அவ்வளவுதான் வசதி. வாடகை கிடையாது, பதிவு கிடையாது, முன்னால் வந்தவருக்கு இடம். பதினான்கு நாளுக்கு மேல் ஒருவர் தங்கக் கூடாது. ரெய்னோவும் நானும் கல்யாணமான புதிதில் பதினான்கையும் தங்கினோம். கைசாவை முதல் முறை கொண்டுவந்தபோது அவளுக்கு எட்டு மாதம். படகின் நடுவில், மாவு மூட்டைக்குப் பக்கத்தில், இன்னொரு மூட்டையாக.

வந்து இறங்கியதும் பார்த்தேன். சாய்ந்த தேவதாருவின் அடியில், மரப்பட்டை போட்டு மூடி, அடுத்து வருகிறவருக்கு விறகு வைத்திருந்தது. எல்லோரும் வைப்பதுதான். ஆனால் பட்டைப் பக்கம் கீழே, தடித்தது இடது, சிராய் வலது என்று இப்படி அடுக்குவது ஒருத்திதான். பத்து வயதில் அதற்காக என்னோடு சண்டை போட்டவள். "நீ அடுக்குனா ஈரம் ஏறுதும்மா." அவள் சொன்னதுதான் சரி.

முதலில் அதைத் தொட மனசு வரவில்லை. மத்தியானம் மழை பிடித்தது. விறகு எரிக்கத்தானே? எரித்தேன். காப்பி வைத்தேன். கருஈ கழுத்தைக் கடித்துக் குதறுகிறது. லூன் பறவை ஒன்று ஏரி நடுவில் கத்திக்கொண்டே இருக்கிறது. பதில் வரவில்லை. விடாமல் கத்துகிறது.

என் பிள்ளை உட்கார்ந்த கல்லில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வேண்டும் எனக்கு. வேறு ஒன்றும் வேண்டாம்.

ஜூலை 2, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். ஒருமுறையாவது முழுதாக.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், டிசம்பர். ரெய்னோ பனிவண்டியில் ஏரிக்கு அந்தப் பக்கம் போனவன் திரும்பவில்லை. அவன் ஆர்லனுடைய வீட்டில் சீட்டாடிக்கொண்டிருப்பான் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். விடிந்த பிறகுதான் ஷெரிஃபைக் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். தாமதமாகக் கூப்பிட்டேன். அது ஒன்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், செப்டம்பர். கைசாவுக்கு அப்போது இருபத்திரண்டு. வெளியூர்க்காரர்களைப் படகில் அழைத்துப்போகும் வழிகாட்டி வேலை. லீவு போட்டுவிட்டுத் தனியாக முனைக்குப் போனாள். ஞாயிறு மதியம் வருவேன் என்று சீட்டில் எழுதியிருந்தாள். வரவில்லை. திங்கள் காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். இருபது மணி நேரம் பொறுத்தேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நாய்கள் வந்தன, தீயணைப்புத் தொண்டர்கள் பதினாலு பேர் வந்தார்கள், மிதவை விமானம் வந்தது. அவள் பாறையில் உட்கார்ந்து மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். தூண்டிலில் மீன் நன்றாகக் கடித்ததாம், ஒரு நாள் கூட இருந்துவிட்டாள். விமானம் அவள் முன்னால் போய் இறங்கியது.

பத்திரிகையில் போட்டார்கள், காணாமல் போன வழிகாட்டி கண்டுபிடிக்கப்பட்டார் என்று. அந்த மாதம் முழுக்கப் படகில் ஏறிய ஒவ்வொருவரும் கேட்டார்களாம், "நீதானே அந்தத் தொலைஞ்ச வழிகாட்டி?" வேலையை விட்டுவிட்டு டுலுத் நகருக்குப் போய்விட்டாள். இப்போது ஒரு மரப்பட்டறையில் இருக்கிறாள்.

போவதற்கு முன் சேற்று பூட்ஸோடு என் சமையலறையில் நின்று சொன்னாள்: "நீ என்னைத் தேடலம்மா. அப்பாவைத் தேடின."

நான் என்ன சொன்னேன்? தரை அழுக்காகிறது என்றேன். கடவுளே. தரை அழுக்காகிறது என்றேன்.

ஜூலை 9, ஞாயிறு

வெர்னாவிடம் சொல்லி வைத்திருந்தேன், கைசா வந்தால் நான் கேட்டதாகச் சொல்லு என்று. "நான் என்ன தபால்காரியா?" என்றாள். ஆனாலும் சொல்லியிருக்கிறாள்.

"என்ன சொன்னா?"

"'ம்'னா."

"எப்படிப்பட்ட 'ம்'?"

"அடி போடி. 'ம்'முல எத்தனை வகைடி இருக்கு?"

நிறைய இருக்கிறது. வெர்னாவுக்குப் பிள்ளை இல்லை.

ஆகஸ்ட் 12, சனி — குட்டிக் கெட்டில் ஏரி

சதுப்புக் கரையில் கூடாரம். கொசு.

மத்தியானம் முனைக்கு வந்தேன். துறையில் அவள் கார் இல்லை, அதனால் ஒன்றும் நினைக்கவில்லை. (வடக்குத் துறை வழியாக வந்திருக்கிறாள்.) முனை திரும்பியதும் பாறைமேல் சாம்பல் நிறக் கூடாரம். கரையில் பானை கழுவிக்கொண்டு கைசா. முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். மெலிந்திருக்கிறாள். ஐம்பது அடி இருக்கும் எங்களுக்கு நடுவே. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

நான் துடுப்பைத் தூக்கிக் காட்டினேன். அவள் கையைத் தூக்கினாள். யாருக்கும் தூக்குகிற மாதிரி.

ஆள் இருக்கிற கரையில் இறங்கக் கூடாது. படகுக்காரப் பிள்ளைக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். துடுப்பைக் காட்டு, முகத்தைத் திருப்பு, அடுத்த ஏரிக்குப் போ. போனேன். என் கைகள் தாமாகவே துடுப்பு போட்டன. போட்டுக்கொண்டே அழுதேன், திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்குத் தொந்தரவு என்று நினைத்தேன். படகைத் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு சதுப்பைக் கடந்து இங்கே வந்து விழுந்துகிடக்கிறேன்.

அவள் கூப்பிட்டிருக்கலாமே? ஒரு வார்த்தை?

நான்?

ஆகஸ்ட் 13, ஞாயிறு

விடிந்ததும் திரும்பிப் போனேன். இன்றைக்கு என்ன ஆனாலும் சரி, இறங்கிவிடுவது என்று. முனை காலி. சாம்பல் இன்னும் ஈரமாக இருந்தது. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சரியாகத்தான் அணைத்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்ததும் ஓடிவிட்டாள்.

இனி வரக் கூடாது. இது அவள் இடமாகவே இருக்கட்டும். எனக்கு வேறு ஏரியே இல்லையா?

ஆகஸ்ட் 15, செவ்வாய்

வெர்னா சாலைக்கே வந்து கிரேடரை மறித்தாள். கையில் காப்பிக் குவளை.

"நீ ஏன்டி எறங்கல?"

"எங்க?"

"எங்கயாம். முனையில."

"ஆள் இருந்தாங்க."

"ஆளா? பெத்த பொண்ணுடி அது."

"இருந்தாலும்."

"அவ என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமா? 'அம்மா வந்தா. அவளுக்கு அந்த எடம் வேணும்போல. என்னால சதுப்புல போய்ப் படுத்திருப்பா. அதான் விடியறதுக்குள்ள மூட்டை கட்டிக் காலி பண்ணிட்டேன்.' அவ உனக்காக எழுந்து போறா, நீ அவளுக்காக ஒதுங்கிப் போற. மரியாதையைக் கரைச்சுக் குடிச்சுட்டுச் சாவுங்க ரெண்டு பேரும்."

அந்தக் காப்பியை வாங்கிக் குடித்தேன். ஆர்லன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கூப்பிடட்டும்.

எனக்காகக் காலி செய்தாளாம்.

செப்டம்பர் 21, வியாழன்

ஆண்டு லீவு மூன்று நாள். முனைக்கு. வெர்னா கடையில் சீட்டு எழுதினேன். கெட்டில் ஏரி, முனைக் கரை, ஞாயிறு மதியத்துக்குள் வெளியே. கடைசி வரி: வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும்?

"உன் பேரைப் போடறேன்," என்றேன்.

"போடாத. எனக்கு ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக் கல்யாணம்."

"அப்ப ஆர்லன்."

"அவன் கடமான் வேட்டைக்குப் போறான்."

"வேட்டை அடுத்த வாரம்டி."

"போறான்னா போறான். யோசி. உனக்கு வேற யாருமே இல்லையா என்ன?"

பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. எழுதினேன். கைசா கங்காஸ், மகள். வெர்னா வாங்கிப் படித்தாள். "நீ வரலைன்னா நான் அவளுக்குச் சொல்லியே ஆகணும். தெரியுமில்ல?"

"சொல்லு."

செப்டம்பர் 24, ஞாயிறு — முனை

காலையிலிருந்தே வடமேற்குக் காற்று. ஏரி முழுக்க வெள்ளை நுரை. பதினொரு மணிக்குப் படகை இறக்கிப் பார்த்தேன், பத்தடியில் முக்கால் வாளித் தண்ணீர் உள்ளே. இழுத்துப் போட்டுவிட்டேன். காற்றில் மாட்டினால் உட்கார வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மூன்று மணி. இந்நேரம் வெர்னா அவளைக் கூப்பிட்டிருப்பாள்.

செப்டம்பர் 25, திங்கள்

காற்று ஓயவில்லை. விறகு இருக்கிறது, கொஞ்சம் ஏலக்காய் ரொட்டி இருக்கிறது. மீன் ஒன்று பிடித்தேன். காட்டரிசி வேகவைத்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகக்கூட இருக்கிறது. பைன் இலையெல்லாம் காற்றில் இரைகிறது, வெயில் அடிக்கிறது, நான் மீன் தின்கிறேன்.

அன்றைக்குக் கைசாவும் இப்படித்தானே இருந்திருப்பாள்? பயம் எல்லாம் அந்தக் கரையில்தான். இங்கே ஒரு பயமும் இல்லை. நான் அது தெரியாமல் விமானத்தை அனுப்பினேன்.

ஆனாலும் மத்தியானம் இரண்டு தடவை படகுப் பக்கம் போனேன். கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. கரையோரமாக ஒட்டிப் போனால்? அங்கே என் பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பாளே? மூட்டையைக்கூட ஏற்றிவிட்டேன். ஏற்றிவிட்டுத்தான் உறைத்தது. நல்ல அறிவுள்ளவர்கள் இந்தத் தண்ணீரில் இறங்குவது இதற்காகத்தான். யாரோ காத்திருக்கிறார்கள் என்பதற்காக.

இதுவரை எங்கும் எழுதாததை எழுதுகிறேன். அன்றைக்கு ரெய்னோ கிளம்பும்போது நான்தான் சொன்னேன், "ஆறு மணிக்குள்ள வந்துடு, சாப்பாடு ஆறிடும்." சாலை வழியாக வந்தால் ஏழாகும். அவன் ஏரிக்குக் குறுக்கே வந்தான்.

மூட்டையை இறக்கி வைத்தேன்.

செப்டம்பர் 26, செவ்வாய் — வீடு

விடியும்போது காற்று நின்றிருந்தது. தண்ணீர் கண்ணாடி. எட்டரைக்குத் துறைக்கு வந்தேன்.

கைசா பூட்ஸோடு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகின் மூக்கைப் பிடித்தாள். முகம் வீங்கியிருந்தது.

"சாப்பாடு இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சு."

"குளிர்?"

"பரவாயில்ல."

அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் படகைப் பிடித்துக்கொண்டே நின்றோம், என்னவோ அது ஓடிப்போகிற மாதிரி.

"ஷெரிஃபுக்குச் சொல்லிட்டியா?" என்றேன்.

"இல்ல. வெர்னா கடைக்கு ரெண்டு வாட்டி போனேன். போனை எடுத்தேன், வெச்சேன். நுரை தெரிஞ்சுது இங்கேர்ந்து. இந்தக் காத்துல நீ கிளம்ப மாட்டேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாந்தி எடுத்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நீ எத்தனை மணி நேரம் காத்திருந்த?"

"இருபது."

"நான் இருபதரை. ஞாயித்துக்கிழமை மதியத்துலேர்ந்து நேத்து காலைவரைக்கும் எண்ணுனேன். அப்புறம் எண்ண முடியல."

"அப்ப நீ ஜெயிச்சுட்ட."

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் எலும்பாகிவிட்டிருக்கிறாள். அவள் தலையில் மரத்தூள் வாசனை.

"அன்னைக்கு நீ மீன் வறுத்ததுல ஒரு தப்பும் இல்ல," என்றேன். "நீ சொன்னது சரிதான். நான் தேடுனது அவரைத்தான்." ஆறு மணி விஷயத்தையும் சொன்னேன். முதல் முறையாக, வாயால், ஓர் ஆளிடம்.

அவள் என் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வெர்னா காப்பி போட்டு வெச்சிருக்கா," என்றாள். அந்தக் கடைக்கு நடந்தோம். வெர்னா சொன்ன தங்கச்சி வீட்டுக் கல்யாணம் ஒன்றும் கிடையாது. கேட்டதற்கு, "தள்ளிப்போச்சு," என்றாள்.

அக்டோபர் 1, ஞாயிறு

தொலைபேசியில் கைசா. நாற்பது நிமிஷம். முக்கால்வாசி பட்டறை ரம்பத்தைப் பற்றி.

அக்டோபர் 12, வியாழன்

கைசா இங்கே ராத் தங்கிவிட்டுக் கிளம்பினாள். குளிர் இறுகுவதற்கு முன் கடைசித் தடவையாக முனைக்கு, தனியாக. உன்கூட வரட்டுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

சமையலறை மேஜையில் குனிந்து எதையோ எழுதினாள். மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெண்ணெய் எடுத்துக் கொடுக்கிற மாதிரி வைத்துவிட்டு பூட்ஸ் மாட்டப் போனாள். கெட்டில் ஏரி. முனைக் கரை. ஞாயிறு மதியத்துக்குள்.

என் நெஞ்சு அடித்துக்கொண்டதை எழுத வேண்டுமா?

வாசல்வரை போனேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாம் வராத," என்றேன். "காத்து நின்னப்புறம் வா."

"தேதி இல்லைன்னா அது சீட்டே இல்லம்மா."

"இருக்கட்டும். தேதி எனக்கு. உனக்கு இல்ல."

பூட்ஸோடு வாசலிலேயே நின்றாள். "தரை அழுக்காகுது," என்றேன். இந்தத் தடவை சிரித்தாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

காலையிலிருந்து வடமேற்குக் காற்று.

அக்டோபர் 16, திங்கள்

காற்று நிற்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஷெரிஃபைக் கூப்பிடவில்லை. ஏழரைக்குக் கிரேடரை எடுத்தேன்.